பின்வாசல் வழியே ஒன்பது நாள்

முதல் நாள்: கிடங்கு

காலை ஆறு மணிக்குக் கிடங்கின் ஷட்டரைத் தூக்கினோம். இப்போது இரவு எட்டு. மூன்று லாரிகளும் நிரம்பிவிட்டன. இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம். ஒன்பது நாளில் மூன்று மேடை: முதலில் ஒரு பெரிய உள்ளரங்கம், அப்புறம் ஒரு பழைய நாடக அரங்கு, கடைசியில் ஒரு திறந்த மைதானம். நடனமும் நேரடி இசையும் சேர்ந்த நிகழ்ச்சி. ஆடுபவர்களும் வாசிப்பவர்களும் தனியாக வருவார்கள். அவர்கள் வந்து நிற்கும்போது நிற்க ஒரு மேடை இருக்க வேண்டும். மேடைக்குழுவில் நாங்கள் பதினாறு பேர்.

லாரி ஏற்றுவதை வெறும் சுமை தூக்கும் வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் எங்களோடு நின்று பார்க்க வேண்டும். எது முதலில் தேவையோ அது கடைசியில் ஏற வேண்டும். அங்கே போய்க் கதவைத் திறந்ததும் கையில் கிடைக்க வேண்டியது ரிக்கிங் பெட்டி, அதாவது மேலே தொங்கவிடுவதற்கான சாமான்கள் உள்ள பெட்டி. அதன் பின்னால் மோட்டார்கள், பிறகு டிரஸ் (விளக்குகளைத் தாங்கும் உலோகச் சட்டம்), பிறகு விளக்கு. உடைப் பெட்டிகள் உள்ளே கடைசிச் சுவரோடு. இந்த வரிசை ஓரிடத்தில் பிசகினால், ஒரு பெட்டிக்காக இருபது பெட்டிகளை வெளியே இழுத்து வைக்க வேண்டியிருக்கும். பெட்டிகளின் அளவும் லாரிக்கென்றே வைத்ததுதான். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். லாரியின் உள் அகலம் ஏறத்தாழ 2.4 மீட்டர். குறுக்கே இரண்டு, அல்லது நெடுக்கே நான்கு, இடைவெளி இல்லாமல் உட்காரும். இடைவெளி இருந்தால்தான் பெட்டி ஓடும், ஓடினால்தான் உடையும்.

எனக்குப் பழக்கிய முதல் பாடமும் லாரியில்தான். சரிவுப் பலகையில் பெட்டி இறங்கும்போது அதற்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று பிடிக்க வேண்டும். கை நழுவினால் பெட்டி போகட்டும், ஆள் போகக் கூடாது.

ரிக்கிங் பெட்டியை அண்ணன் யாரையும் மூட விடவில்லை. எங்கள் தலைமை ரிக்கர் அவர், எல்லோருக்கும் அண்ணன். ஷேக்கிள் எனும் இணைப்பு இரும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் திருகு பின்னைக் கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டி எண்ணினார். அறுபத்து நான்கு. தன் நோட்டில் எழுதிவிட்டுத்தான் பூட்டினார்.

இரண்டாம் நாள்: உள்ளரங்கம்

எந்த ஊருக்குப் போனாலும் அதை நான் முதலில் பார்ப்பது அதன் பின்வாசலில்தான். லாரி பின்பக்கமாக நெருங்கும் சிமெண்ட் மேடை, ஒரு பெரிய இரும்புக் கதவு, குப்பைத் தொட்டிகள், உள்ளே ஒரு நீண்ட நடை. இன்று அதிகாலை ஐந்தரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த வாசலும் அப்படித்தான். ஆனால் இரண்டு நல்ல விஷயங்கள்: தரை லாரி மட்டத்துக்கே இருந்தது, நடையில் ஒரு படி கூட இல்லை. எங்களுக்கு இதைவிட அழகான வரவேற்பு கிடையாது.

உள்ளே நுழைந்தபோது அரங்கம் காலி. வெறும் தரை. அதில் அண்ணன் சாக்குக்கட்டியோடு குனிந்து நடந்துகொண்டிருந்தார். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பாயிண்டையும், அதாவது மேலிருந்து தொங்கவிட வேண்டிய இடத்தையும், தரையில் குறிப்பார்: ஒரு வட்டம், நடுவில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் எத்தனை டன் மோட்டார், எவ்வளவு நீள ஸ்டீல் என்ற கணக்கு. இரும்புக் கம்பிக்கயிற்றைத்தான் நாங்கள் ஸ்டீல் என்போம். மேலே உத்திரங்களில் ஏறியிருக்கும் இரண்டு ரிக்கர்கள் அந்தக் குறியைப் பார்த்துக் கயிறு இறக்குவார்கள். கீழே நிற்பவன் ஸ்டீலை அதில் முடிச்சுப் போட்டு அனுப்ப வேண்டும். இன்று கீழே நின்றது நான்.

நாங்கள் கேட்கிற இடத்திலெல்லாம் உத்திரம் இருப்பதில்லை. இரண்டு உத்திரங்களுக்கு நடுவே பாயிண்ட் வேண்டுமென்றால், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு ஸ்டீல் இறக்கி நடுவில் சேர்க்க வேண்டும், கவட்டை போல. இந்தக் கவட்டையின் விரிவு விஷயத்தில் அண்ணன் மிகக் கறாரானவர். 1 டன் தொங்குகிறது என்று வையுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொரு காலும் தாங்குவது சுமார் 580 கிலோ. விரிவை 120 டிகிரி ஆக்கினால், ஒவ்வொரு காலும் முழு 1,000 கிலோவைத் தாங்க வேண்டும். சுமை கூடவில்லை, கோணம்தான் கூடியது. இரண்டு பேர் தூக்கினால் பாரம் பாதியாகிவிடும் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

ஷேக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரை லாடம் போல வளைந்த இரும்பு, வாயில் ஒரு திருகு பின். உள்ளங்கையில் அடங்கும். மோட்டாரையும் ஸ்டீலையும் சேர்ப்பது அதுதான். பின் உள்ளே போகும்போது முதலில் ஒரு மெல்லிய கரகரப்பு விரலில் தெரியும், அப்புறம் வழுக்கிக்கொண்டு போகும், கடைசியில் தோள் பதிந்து நின்றுவிடும். அந்தக் கடைசிப் பதிவு வரவில்லை என்றால் மரையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இன்று ஒன்றில் அது வரவில்லை. கழற்றிப் பார்த்தேன், மரையில் ஒரு மணல் துகள். துணியால் துடைத்து மறுபடி போட்டேன், பதிந்தது. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொன்னது எனக்கு நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் வியக்கும் ஒன்று: எங்கள் செயின் மோட்டார் மேலே உட்கார்ந்து கீழே இருப்பதை இழுப்பதில்லை. கொக்கி மட்டும்தான் மேலே போகும். மோட்டார் டிரஸ்ஸோடு சேர்ந்து தானே சங்கிலியில் ஏறும். நிமிடத்துக்கு நாலு மீட்டர், அவ்வளவுதான் வேகம். டிரஸ் இடுப்பு உயரத்தில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட வேண்டும்: விளக்கு மாட்டுவது, கேபிள் கட்டுவது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி போடுவது, எரிகிறதா என்று பார்ப்பது. மேலே போன பிறகு ஒரு பல்பைத் தொடவும் ஏணி வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் சத்தமாக, "மேலே போகுது!" என்றார். அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் திருப்பிச் சொன்னோம். அந்தப் பதில் வராமல் அவர் பட்டனைத் தொட மாட்டார். இரண்டு டன்னுக்கு மேல் விளக்கும் இரும்பும் தரையை விட்டு மெதுவாக எழுந்தன. ஐந்து வருடமாகப் பார்க்கிறேன், இந்த இரண்டு நிமிடம் இன்னும் பழகவில்லை.

மூன்றாம் நாள்: நிகழ்ச்சியும் ஒரு ஸ்பேனரும்

மேடையின் தரையில் ஒரு பச்சை டேப், பெருக்கல் குறி போல ஒட்டியது. தலைமை நடனக் கலைஞர் மூன்றாவது பாட்டில் அங்கேதான் வந்து நிற்பார். அவர் தலைக்கு நேர் மேலே எட்டு மீட்டரில் எங்கள் இரண்டாவது டிரஸ். இருட்டில் ஓடி வந்து அந்தக் குறியில் நிற்கும்போது அவர் மேலே பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கக் கூடாது.

என் வேலை மேடை வலத்தில். ஆடுபவர் சபையைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலம்தான் மேடையின் வலம், பார்ப்பவர்களுக்கு அது இடம். விளக்கு அணைந்த ஏழு நொடிக்குள் ஒரு படிக்கட்டை உள்ளே தள்ளி, சக்கரத்தைப் பூட்டி, வெளியே வந்துவிட வேண்டும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் ஐந்து நிமிடம் முன்பிருந்தே ஒரு கண்ணை மூடி வைத்துக்கொள்வேன். விளக்கு போனதும் அந்தக் கண்ணைத் திறந்தால் படியின் ஓரமாவது தெரியும். தரையில் ஒட்டிய மினுங்கும் டேப்புக்கு முன்கூட்டியே டார்ச் அடித்து ஒளி ஏற்றி வைத்திருப்போம்.

நிகழ்ச்சியின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. ஹெட்செட்டில் ஸ்டேஜ் மேனேஜர் அக்காவின் குரல்: "நாற்பத்தேழு ரெடி." பிறகு அமைதி. பிறகு "நாற்பத்தேழு, கோ." இந்த 'கோ' என்ற சொல்லை ஹெட்செட்டில் வேறு எதற்கும் யாரும் உச்சரிக்க மாட்டோம். பேச்சுவாக்கில் வந்துவிட்டால் யாரோ ஒருவரின் கை பட்டனை அழுத்திவிடும். படி போனது, பூட்டினேன், வெளியே வந்தேன். விளக்கு வந்தபோது அவர் பச்சைக் குறியில் நின்றுகொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்வதற்குள் பிரிக்க ஆரம்பித்துவிட்டோம். கேபிள் சுற்றுவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்புறமாக. இப்படி மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு ஏறாது. அடுத்த ஊரில் ஒரு முனையைப் பிடித்து எறிந்தால் கேபிள் நேராக ஓடும். முழங்கையில் சுற்றுபவர்களைப் பார்த்தால் கேபிளுக்காக மனம் வலிக்கும்.

இரவு ஒன்றரை மணி. ஒரு விளக்கின் கிளாம்ப் இறுகிப்போய்க் கழலவில்லை. ஏணியில் நின்று ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு திருப்பினேன். ஸ்பேனர் நழுவியது. அதை இடுப்போடு இணைக்கும் கயிறு என் பெல்ட்டில்தான் தொங்கியது, ஆனால் கொக்கியை ஸ்பேனரில் மாட்டவில்லை. களைப்பு, அவசரம். இரண்டு நிமிட வேலைதானே என்ற நினைப்பு. "தலை! தலை!" என்று கத்தினேன். எட்டு மீட்டர் விழ ஒன்றேகால் நொடிதான். தரையைத் தொடும்போது மணிக்கு 45 கி.மீ. வேகம். இதையெல்லாம் பிறகுதான் கணக்குப் போட்டேன். அப்போது கேட்டது 'டங்' என்ற சத்தம் மட்டும். யார் மேலும் படவில்லை. அது விழுந்த இடத்தில் பலகை அரை அங்குலம் பிளந்திருந்தது. பச்சைக் குறியிலிருந்து ஒரு கை தூரம்.

இறங்கி வந்தேன். அண்ணன் திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். "தம்பி, கொக்கியை மாட்டு. மாட்டிட்டு மேலே போய் அந்த கிளாம்பைக் கழட்டு" என்றார். மறுபடி ஏறியபோது முழங்கால் நடுங்கியது. கழற்றினேன்.

நான்காம் நாள்: சாலை

எழுத ஒன்றும் இல்லை. பேருந்தில் படுத்தே கிடந்தேன். ஊர்கள் ஜன்னலில் போயின. நான் மூன்று முறை எழுந்து பெல்ட்டைப் பார்த்தேன், கொக்கி அதன் வளையத்தில் இருந்தது.

ஐந்தாம் நாள்: பழைய அரங்கு

இந்த அரங்கின் மேடை சரிவானது. பின்பக்கம் உயரம், சபைப் பக்கம் தாழ்வு. பின்மேடையை ஆங்கிலத்தில் 'மேல்' என்றும் முன்மேடையைக் 'கீழ்' என்றும் சொல்வது இந்தச் சரிவிலிருந்து வந்த வழக்குதான். நேற்று வரை பூட்டினால் போதும் என்றிருந்த என் படிக்கட்டுக்கு இங்கே கட்டையும் கொடுக்க வேண்டும்.

இங்கே மோட்டார் இல்லை, எடைக்கல் முறை. திரை தொங்கும் குழாய்க்கு ஈடாகச் சுவர் ஓரத்தில் ஒரு சட்டம், அதில் இரும்புக் கட்டிகள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், 200 கிலோ திரையை ஒரு ஆள் கையால் ஏற்றி இறக்கலாம். கயிற்றைத் தொட்டால் தராசு போல நகரும். அவ்வளவு சுகம். ஆனால் வரிசை தவறக் கூடாது. மாட்டும்போது குழாயைக் கீழே வைத்து முதலில் திரையைக் கட்ட வேண்டும், பிறகுதான் கட்டிகளை ஏற்ற வேண்டும். கழற்றும்போது முதலில் கட்டிகள், பிறகு திரை. மாற்றிச் செய்தால் கட்டிகளின் பாரம் குழாயை மேலே பிடுங்கிக்கொண்டு போகும், கயிற்றைப் பிடித்தவனால் நிறுத்த முடியாது. இந்த அரங்கின் வயதான பணியாளர் ஒருவர், நாங்கள் கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் தானும் தொட்டுப் பார்த்தார். எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை.

மதியம் அவர் தீத்திரையை இறக்கிக் காட்டினார். மேடையில் தீப்பிடித்தால் சபையைக் காக்க இறங்கும் கனத்த திரை. லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் 1794-லேயே இரும்புத் திரை வைத்திருந்தார்கள், ஆனாலும் அந்த அரங்கு 1809-ல் எரிந்துபோனது. திரை இருந்தால் மட்டும் போதாது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா அரங்கில் மதியக் காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு வில்விளக்கின் பொறி துணித்திரையில் பட்டது. தீத்திரையை இறக்கினார்கள், அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மேடையில் இருந்தவர்கள் தப்பிக்க, செட்டுகளை உள்ளே கொண்டுவரும் பெரிய பின்கதவைத் திறந்தார்கள். வெளியிலிருந்து பாய்ந்த குளிர்க்காற்று தீயை அந்தத் திரைக்கு அடியில் சபைப் பக்கம் தள்ளியது. வாசல்கள் பல பூட்டிக் கிடந்தன. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உடம்பால் தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பிக் கதவுகள் பரவியதற்கு அந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

நான் தினமும் பெட்டி தள்ளிக்கொண்டு நுழைவது அந்த மாதிரி ஒரு கதவு வழியாகத்தான். சாயங்காலம் எங்கள் காலிப் பெட்டிகள் நான்கு அவசர வாசலை ஒட்டி நின்றிருந்தன. யாரும் சொல்லவில்லை, நானும் இன்னொருவரும் தள்ளி வைத்தோம்.

ஆறாம் நாள்: மினுக்கும் விளக்கு

ஒத்திகையில் நான்கு விளக்குகள் காரணமில்லாமல் மினுக்கின. விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோவது டி.எம்.எக்ஸ். 512 என்ற முறை, 1986-ல் வந்தது. ஒரு கேபிளில் 512 சேனல். விளக்கிலிருந்து விளக்குக்குச் சங்கிலி போல இணைத்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றரை மணி நேரம் கேபிள் கேபிளாக மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், சங்கிலியின் கடைசி விளக்கில் சொருக வேண்டிய முனையடைப்பு இல்லை. உள்ளே ஒரு 120 ஓம் மின்தடை மட்டும் உள்ள, விரல் நீளப் பிளக். அது இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதி எதிரொலி போலத் திரும்பி வரும், விளக்கு குழம்பும். சொருகினோம், நின்றது.

நிகழ்ச்சி நன்றாகப் போனது. பிரித்து முடித்து விளக்கெல்லாம் அணைத்த பிறகு, அந்த வயதான பணியாளர் மேடை நடுவில் ஒரு ஸ்டாண்டை வைத்து ஒற்றை பல்பை எரிய விட்டுப் போனார். இருட்டில் முதலில் உள்ளே வருபவர் மேடை விளிம்பில் தவறி விழாமல் இருக்க. பல அரங்குகளில் உள்ள பழக்கம் இது. லாரி ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஏழாம் நாள்: மைதானம்

புல்தரையில் லாரிச் சக்கரம் புதையாமல் இருக்கப் பலகைப் பாதை போட்டதிலேயே அரை நாள் போயிற்று. மேடைக் கூரையின் ஒவ்வொரு காலடியிலும் தண்ணீர்த் தொட்டிகள் வைத்தோம். 1,000 லிட்டர் என்றால் 1 டன். காற்று கூரையைத் தூக்காமல் பிடித்துக்கொள்வது இந்த எடைதான். உச்சியில் காற்றுவேகமானி. அதன் எண்ணை ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாளை அது என் பொறுப்பு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

எட்டாம் நாள்: காற்று

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பின்திரையும் பக்கத்துணிகளும் அப்போது பாய்மரம்தான். அதனால் எந்த எண்ணில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்தோம்: முதல் அளவில் எச்சரிக்கை, அடுத்ததில் துணிகளை அவிழ்ப்பது, அதற்கும் மேலே போனால் ஸ்பீக்கர்களைத் தரைக்கு இறக்கி எல்லோரையும் வெளியேற்றுவது. இதை அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது. 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயலுக்கு முன் வந்த ஒரு பெருங்காற்றில் மேடைக் கூரை ஆட்கள் மேல் சரிந்தது. இறந்த ஏழு பேரில் ஒருவர் எங்களைப் போன்ற மேடைப் பணியாளர்.

மாலை ஆறு மணிக்குச் சபை நிறைய ஆட்கள். ஆறு பத்துக்கு எண் ஏறியது. இரண்டாவது அளவைத் தொட்டதும் ஹெட்செட்டில் சொன்னேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. "நிறுத்துறோம். மேடையைக் காலி பண்ணுங்க." நிகழ்ச்சி நடத்துபவர்களின் தரப்பிலிருந்து ஒருவர் ஓடி வந்து, இன்னும் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்கலாமே என்றார். அக்கா ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். எட்டு பேர் சேர்ந்து நான்கே நிமிடத்தில் பின்திரையை அவிழ்த்துச் சுருட்டினோம். துணி கைக்குள் உயிருள்ளதுபோல் இழுத்தது. அவிழ்ந்ததும் கூரையின் முனகல் சட்டென்று குறைந்தது.

ஐம்பது நிமிடம் கழித்துக் காற்று தணிந்தது. அண்ணன் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பின்னையும் பார்த்து வந்த பிறகுதான் அக்கா சரி என்றார். பின்திரை இல்லாமலே நடந்தது. கலைஞர்களுக்குப் பின்னால் வெறும் இரவு வானம். மூன்றாவது பாட்டில் தலைமை நடனக் கலைஞர் இருட்டில் ஓடி வந்து பச்சைக் குறியில் நின்றார். நான் டிரஸ்ஸைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், மறுபடி டிரஸ்ஸைப் பார்த்தேன். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள்: புல்

விடிய விடியப் பிரித்தோம். தொட்டிகளின் தண்ணீரை வடித்து, பலகைப் பாதையை எடுத்து அடுக்கி, மூன்று லாரிகளில் இரண்டைப் பூட்டியாகிவிட்டது. காந்தக் கட்டையை இழுத்துக்கொண்டு புல்தரை முழுக்க நடந்தேன். ஆணி, திருகு, ஒரு வாஷர். நாளை இங்கே வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுவார்கள்.

அண்ணன் ரிக்கிங் பெட்டியின் முன் உட்கார்ந்து எண்ணினார். அறுபத்து மூன்று. மறுபடி எண்ணினார். அறுபத்து மூன்றுதான்.

பேருந்தில் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. பதினாறு பேரும் வரிசையாக, ஒரு கை இடைவெளியில், மேடை இருந்த இடத்தை ஒரு முனையிலிருந்து சீப்பு வாருவதுபோல் தேடினோம். இடது பின்காலின் தொட்டி அழுத்திய பள்ளத்தில், மஞ்சளாகிப்போன புல்லுக்கு அடியில், சேற்றோடு கிடந்தது. துடைத்தேன். பின்னைத் திருகிப் பார்த்தேன்: கரகரப்பு, வழுக்கல், பதிவு. அண்ணன் கையில் கொடுத்தேன். அவரும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார், நோட்டை எடுத்து அறுபத்து நான்கு என்று எழுதினார்.